பிரிக்கக் கூடாத கவர்

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் காரியத்தை முடித்தாக வேண்டும். மகளின் பள்ளிப் பையிலிருந்து எடுத்த பசையைக் கவரின் வாயில் தடவி, மேலே தடித்த அகராதியை வைத்து, அதன் மேல் தன் முழங்கையையும் ஊன்றி அழுத்தினான் அவன்.

குளியலறைக் கதவு திறந்தது. "என்னங்க, கிளம்பலாமா?"

"நான் எப்பவோ ரெடி!" என்றான். சட்டையில் ஒரு பொத்தான்கூடப் போட்டிருக்கவில்லை.

கவர் மனைவியுடையது. அவள் படித்த கல்லூரி கடல் தாண்டி அனுப்பிய மதிப்பெண் பட்டியல் அதற்குள் இருந்தது. பிறந்த ஊரில் பெரிய பெரிய கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்தவள், இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒரு டயர் கிடங்கில் பில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஊர்ப் பட்டம் மட்டும் போதாது, சில பாடங்கள் குறைகின்றன என்று ஆடிட்டர் உரிமம் தரும் வாரியம் கையை விரித்துவிட்டது. ஒரு கையில் கரண்டி, மறு கையில் புத்தகம் என்று மாலைக் கல்லூரியில் அந்தப் பாடங்களையும் படித்துத் தேறிவிட்டாள். பாக்கி இந்தக் கவர் ஒன்றுதான். அதைக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

நேற்று அவனோடு வேலை செய்யும் ஒருவன் சும்மா இருக்காமல் ஊதிவிட்டான். "என் தங்கச்சிக்கு வேற யாரோ பொண்ணோட மார்க் ஷீட்ட அனுப்பிட்டாங்கப்பா. அலையா அலைஞ்சா பாவம்." அதைக் கேட்டதிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதி என்று காலையில் கவரின் ஓரத்தில் நகத்தை வைத்தான். கிழிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, வைத்ததும் வாயைப் பிளந்துவிட்டது. இவ்வளவு பெரிய கல்லூரி, பசையில் போயா கஞ்சத்தனம் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளே எல்லாம் அவள் பெயரில் சரியாகத்தான் இருந்தது. அப்பாடா என்று கவரைத் திருப்பியபோதுதான் பின்பக்கத்துச் சிவப்பு எழுத்து கண்ணில் பட்டது. பிரிக்கப்பட்டிருந்தால் செல்லாது.

உடனே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் யாரிடம்? வங்கியில் மறதியாகச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்த பேனாவை, கொட்டுகிற மழையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னவளிடமா?

பேருந்தில் அவள் கவரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிறவள்.

"ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்றான்.

"எனக்கென்ன? நீங்கதான் ஒரு மாதிரி இருக்கீங்க."

வாரிய அலுவலகத்தில் அவர்கள் முறை வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த அதிகாரி அம்மாள் கவரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தாளை நகர்த்தினார்.

"காலேஜ்ல இருந்து வந்த கவர், யாரும் பிரிக்கலன்னு உறுதிமொழி. படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

மனைவி பேனாவை எடுத்தாள். படித்தாள், படித்தாள், படித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வரித் தாளில் அவ்வளவு நேரம் படிக்க என்ன இருக்கிறது என்று அவன் எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா, ஏதாவது சந்தேகமா?"

"ஒண்ணுமில்ல மேடம்." பேனா முனை தாளைத் தொட்டது.

ஒரு பாவமும் அறியாதவள், தன்னால் ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போடப் போகிறாள். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"போடாத!"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "மேடம், அந்தக் கவர நான்தான் பிரிச்சேன். இன்னிக்குக் காலையில. ஒட்டினதும் நான்தான். சத்தியமா இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

மனைவி பேனாவோடு அவன் பக்கம் திரும்பினாள். அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அதிகாரி அம்மாள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நல்லவேளை, இப்பவே சொன்னீங்க. உள்ள ஒவ்வொரு கவரையும் விளக்கு வெளிச்சத்துல வச்சுப் பாப்பாங்க. கையெழுத்துப் போட்டப்புறம் மாட்டியிருந்தா, இவங்களுக்கு ஆயுசுக்கும் லைசென்ஸ் கிடையாது."

"இப்போ மேடம்?"

"இந்த வருஷம் போச்சு. காலேஜ நேரா எங்களுக்கே அனுப்பச் சொல்லுங்க. அடுத்த வருஷம் வாங்க."

இருவரும் வெளியே படிக்கட்டுக்கு வந்தார்கள். இன்னும் ஒரு வருஷம் அந்த டயர் நாற்றத்தில் உட்காரப் போகிறாள் என்ற நினைப்போடு அவள் முன்னால் போய் நின்றான்.

"திட்டு. நல்லாத் திட்டு. உன் ஒரு வருஷத்த நான்தான் முழுங்கிட்டேன். வாயத் தொறந்து ஏதாவது சொல்லேன்!"

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"போன வாரமே நான் பிரிச்சுப் பாத்துட்டு ஒட்டி வச்சிட்டேங்க."