ஜனாஸா காட்சி

கஃபன் துணிக்குள் படுத்திருந்த ரம்ஜான்தான் முதலில் எழுந்து உட்கார்ந்தான்.

படப்பிடிப்பில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிறவன். பிணமாக நடிக்க ஆள் கிடைக்காமல் அவனைப் படுக்கப்போட்டு முகத்தை மூடியிருந்தார்கள். எழுந்தவன் வாசலைப் பார்த்து, பேயைக் கண்டவன்போலக் கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

வாசலில் மஸ்ரூர் நக்வி நின்றுகொண்டிருந்தார். ரம்ஜான் யாருடைய பிணமாகப் படுத்திருந்தானோ, அவரேதான்.

நான் வெள்ளைத் துப்பட்டாவோடு கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தேன். நாடகத்தில் அவருடைய விதவை நான்தான். எத்தனையோ தொடர்களில் அவருக்கு மனைவியாக வாழ்ந்து தொலைத்திருக்கிறேன். பெஷாவர் பட்டாணி, லியாரி மீனவர், லக்னோ உருது பேசும் நவாப், எதைக் கொடுத்தாலும் அதுவாகவே ஆகிவிடுவார். அதனாலேயே தெருவில் நடந்தால் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இறந்துவிட்டார் என்று எவனோ கிளப்பிவிட, கராச்சியே போனில் அழுது தீர்த்தது. எங்கள் தொடர் ஒரு பக்கம் ஒளிபரப்பாக, மறுபக்கம் படமாகிக்கொண்டிருப்பது. உடனே கதையை மாற்றி, அவர் இறந்த செய்தி வீட்டுக்கு வருவதாக எடுத்து, ஒளிபரப்பியும் விட்டார்கள். அதுவரை எங்களைச் சீண்டாத ஜனமெல்லாம் அன்றைக்குப் பார்த்தது. செய்தி பொய் என்று தெரிவதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது. இயக்குநர் தானிஷ் எங்களிடம் அப்படித்தான் சொன்னான். ரம்ஜானிடம் செய்தி பொய் என்பதைக்கூட யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"வாங்க மஸ்ரூர் பாய். என்ன பண்றது சொல்லுங்க, எனக்கு மனசே ஆறல," என்றான் தானிஷ். அவர் மகன் வயதுகூட இருக்காது அவனுக்கு.

மஸ்ரூர் கோபப்படவில்லை. கெஞ்சத்தான் வந்திருந்தார். அவர் கையில் இருந்தது இந்த ஒரு தொடர்தான். இதுவும் போனால் இனி ஒருவனும் கூப்பிடமாட்டான் என்பது அங்கே டீ கொடுக்கிறவருக்குக்கூடத் தெரியும்.

"செத்தவனுக்கு ஒரு தம்பி இருக்கக்கூடாதா மியான்? குவெட்டாவுலேர்ந்து வரட்டுமே."

சொன்னதோடு நிற்காமல் அங்கேயே தம்பியாக மாறிக் காட்டினார். அது எடுபடவில்லை என்றதும் காது கேட்காத மாமாவாக, அப்புறம் மய்யத்தைக் குளிப்பாட்ட வந்தவராக. ஆஸ்பத்திரியில் கட்டிய பட்டை மணிக்கட்டில் அப்படியே இருந்தது. எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய நடிகர் வேலை கேட்டு வித்தை காட்டுகிறார், இவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"பிரமாதம் பாய். அடுத்த தொடர்ல கண்டிப்பா பார்க்கலாம்." தானிஷ் கடிகாரத்தைப் பார்த்தான்.

மஸ்ரூர் கட்டிலைப் பார்த்தார்.

"முகத்தை மூடியேவா எடுக்கப்போற? கடைசியா ஒரு தடவை முகம் பார்க்காம எந்த வீட்டுல மய்யத்தைத் தூக்குவாங்க?"

தானிஷுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ரம்ஜான் இறங்கினான். மஸ்ரூர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார்.

"என் உயிருக்கு ஒண்ணும் ஆகாம இருக்க யாராவது ஒரு கறுப்பு ஆட்டை சதக்கா கொடுத்துடுங்கப்பா," என்றார். அதற்கும் சிரித்தார்கள். மூக்கில் பஞ்சு வைத்தார்கள்.

காட்சி தொடங்கியதும் சுற்றியிருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள். நான் முகத்துணியை விலக்கினேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கதறுவதுபோல அவர் காதருகே குனிந்தேன்.

"எழுந்து வீட்டுக்குப் போங்க. ஏதோ தெரியாம பண்ணிட்டாங்க, அதுக்குன்னு நீங்க இப்படியா வந்து படுப்பீங்க?"

உதடு அசையாமல் பேச அவருக்குத் தெரியும்.

"தெரியாமலா? செய்தி வந்த அன்னிக்கு சாயங்காலமே, நீங்க அந்தச் சாவுச் செய்தி காட்சியை எடுக்கறதுக்கு முன்னாடியே, தானிஷ் எனக்கு போன் பண்ணிட்டான், பேகம். உயிரோடதான் இருக்கேன், சீக்கிரம் வந்துடறேன்னு அவன்கிட்டயே சொன்னேன்."

அதற்கப்புறம் நான் அழுதது நடிப்பில்லை. தானிஷுக்கு ரொம்பப் பிடித்துப்போய், கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோகச் சொன்னான்.