கழற்றிக் கொடுக்க ஓர் ஆள்

நடுவர் முதலில் நகத்தைப் பார்த்தார். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி.

அப்புறம் கழுத்தைப் பார்த்தார்.

அவள் ஏற்பாட்டோடுதான் வந்திருந்தாள். மெட்டியைப் பஸ்ஸிலேயே கழற்றிப் பைக்குள் போட்டாயிற்று. தாலியை மட்டும் பனியனுக்குள் தள்ளி, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள்.

நடுவரும் பெண்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பிடிச்சு இழுத்தா கயிறு கழுத்த அறுத்துரும்மா. கழட்டிக் குடுத்துட்டு வா. இல்லன்னா மாத்து ஆள் போடச் சொல்லு."

கழற்றிக் கொடுத்துவிட்டு வரலாம்.

யாரிடம்?

கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் கபடி ஆட்டம். இந்தக் களத்தில் வந்து நிற்பதற்கு அவள் வீட்டில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. முகம் கொடுத்துப் பேச ஆளில்லாமல் எத்தனை நாள். காலையில் கிளம்பும்போது புருஷன் சென்றாயன் வாசலில் நின்றான்.

"அதக் கழட்டாம ஆட விட மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். கழட்டிட்டு ஆடிக்க. ஆனா திரும்ப மாட்டிக்கிட்டு என் வாசப்படி மிதிக்காத."

சும்மா சொல்கிற ஆள் இல்லை அவன்.

பக்கத்துக் களத்தில் ஆண்கள் ஆட்டம். புது மாப்பிள்ளை ஒருத்தன் கல்யாண மோதிரத்தை உருவி வெளியே எறிந்தான். கூட்டாளி அதைப் பிடித்துத் தன் விரலில் மாட்டிக்கொண்டு விசிலடித்தான். அங்கே சங்கதி அத்தோடு முடிந்தது.

பெஞ்சில் அவளுடைய அணி. எல்லாம் காலேஜ் பிள்ளைகள். வரும் வழியெல்லாம் பவதாரணி போனில் ஒரு தொடர்கதையைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள். கதாநாயகி கபடிக்காரி. புருஷன்காரன் அவள் தாலியை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை கோட்டோரமாகவே நிற்கிறான். அவள் ஜெயித்ததும் ஓடி வந்து அத்தனை பேர் முன்னாலும் போட்டு விடுகிறான். பிள்ளைகள் மூக்கை உறிஞ்சின. இவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். எழுதிய புண்ணியவதி நன்றாக இருக்கட்டும். அப்படி ஒருத்தனை எந்த ஊரில் பார்த்தாளோ.

"பவதாரணி, இதக் கொஞ்சம் வச்சிரு."

பவதாரணி கையைப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

"பயமா இருக்குக்கா. கை தவறிக் கீழ விழுந்துட்டா?"

மற்றவர்களைக் கேட்கவே இல்லை. அவள் பார்வை போன இடமெல்லாம் தலைகள் குனிந்தன.

பைக்குள் வைக்கலாம். ஷூவும் வேர்த்த சாக்ஸும் கிடக்கிற பை. மெட்டிக்கு வந்த மனசு இதற்கு வரவில்லை.

அப்போதுதான் எதிரணிப் பக்கம் கண் போயிற்று. அந்த அணியின் தலைவி மகுடீஸ்வரி கழுத்தை வளைத்து நின்றாள். அவள் மாமியார் பின்னால் நின்று, கூந்தலில் சிக்காமல் தாலியை மெல்ல எடுத்துக்கொண்டிருந்தார். கக்கத்தில் தண்ணீர் பாட்டில் வேறு.

இவளுக்கு வயிறு எரிந்தது. சொல்ல வெட்கம்தான். எரிந்தது.

மகுடீஸ்வரி நிமிர்ந்தாள். இவள் கழுத்துப் பிளாஸ்திரியைப் பார்த்தாள். கபடி கபடி என்று பாடாமலே நடுக்கோட்டைத் தாண்டி வந்தாள்.

"எங்க அத்தகிட்ட குடு. பத்திரமா வச்சிருப்பாங்க."

அவள் பிளாஸ்திரியைப் பிய்த்தாள்.

கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கி எடுத்தாள். எதை விட்டுக் கழற்றுகிறோம் என்று தெரிந்தேதான் கழற்றினாள்.

மாமியார் அம்மா இரண்டு தாலியையும் வாங்கி, ஒன்றை வலது கையிலும் மற்றதை இடது கையிலும் மூடிக்கொண்டு கோட்டோரம் உட்கார்ந்தார்.

முதல் தடவை பாடிப் போனபோது மகுடீஸ்வரியே அவள் காலைக் கவ்வினாள். தூக்கிப் போட்டாள். தயவு தாட்சண்யமே இல்லை. அவள் வாயெல்லாம் மண்.

எத்தனை நாளாயிற்று இந்த மண்ணைத் தின்று.

அடுத்த தடவை ஒருத்தியைத் தொட்டுவிட்டு வந்தாள். அதற்கடுத்த தடவை மகுடீஸ்வரியை. மூச்சு பழைய மூச்சு இல்லை. கால் மட்டும் எதையும் மறக்கவில்லை. கடைசியாகப் பாடிப் போனபோது, மேலே நாலு பேர் விழுந்து கிடக்க, கையை நீட்டிக் கோட்டைத் தொட்டாள்.

ஜெயித்தார்கள். பிள்ளைகள் அவளைத் தூக்கிச் சுற்றின. அரையிறுதி, அரையிறுதி என்று கத்தின. இறக்கி விட்டதும் ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குப் போன் போட ஓடின.

அவளும் போனை எடுத்தாள். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. அம்மாவுக்குச் சொல்லலாமா என்று பெயர்வரை போனாள். அம்மா சென்றாயன் கட்சி. ஜெயித்த சந்தோஷம் நெஞ்சு முட்ட இருந்தது, கேட்கத்தான் ஒரு நாதி இல்லை.

போனை உள்ளே வைத்தாள்.

எதிர்ப்பக்கம் அந்த அம்மா மருமகளுக்குத் தாலியைப் போட்டுவிட்டு, அவள் முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். "கைக்கு வந்த ஆள விட்டுட்டியேடி" என்று திட்டும் விழுந்தது. மகுடீஸ்வரி சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தாள்.

பிறகு இடது கையை மூடியபடியே அந்த அம்மா இவளிடம் வந்தார்.

"குனி தாயி. போட்டு விடுறேன்."

குனிந்தாள். கயிறு உச்சந்தலையைத் தொட்டது.

நிமிர்ந்துவிட்டாள்.

"வேண்டாம்மா. நாளைக்கும் ஆட்டம் இருக்கு."

அந்த அம்மா தாலியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.