மூன்றாவது இசைத்தட்டு

மூன்றே இசைத்தட்டுகளோடு மூடுவிழா கண்ட ‘செகண்ட் ஷிஃப்ட்’ ஜாஸ் கம்பெனிக்கு ஆபீஸ், ஸ்டுடியோ, குடோன் எல்லாமே டெட்ராய்ட்டில் வெர்னன் குடியிருந்த கீழ்வீட்டு ஹால்தான். விற்காத பெட்டிகளுக்கு சோபாவைக் கொடுத்துவிட்டு அவன் மனைவி லொரெய்ன் தரையில் உட்கார்ந்தது தெரு முழுக்கத் தெரியும்.

அன்று யாரோ கதவைத் தட்ட, எட்டிப் பார்த்த லொரெய்ன் பதறினாள்.

“மேல்வீட்டு மிஸ் ஒடெஸ்ஸா! கையில நம்ம மூணாவது ரெக்கார்டு. இன்னொரு புகார் வந்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவார் ஓனர்!”

“கம்பெனியையே மூடிட்டோம், இனி என்ன புகார்?” என்று முனகியபடி வெர்னன் கதவைத் திறந்தான்.

ஒடெஸ்ஸா நேராக உள்ளே வந்தார். “பேப்பர் பார்த்தியா? இந்த ரெக்கார்டுல டிரம்ஸ் பிரமாதம்னு எழுதியிருக்கான். அட்டையில யார் பேரு போட்டிருக்கே?”

“கிளைடு... எங்க டிரம்ஸ்காரன்.”

“ரெக்கார்டிங் அன்னைக்கு அவன் வந்தானா?”

வெர்னன் தலையைச் சொறிந்தான். “வரலை. அட்டையை முன்னாடியே அச்சடிச்சுட்டோம். அதான் அவன் இல்லாமலே வாசிச்சும் அவன் பேரு...”

“அப்போ டேப்புல விழுந்த அடி யாரோடது? உங்க சத்தம் தாங்காம, துடைப்பக்கட்டையால தரையில இடிச்சது நான்! அடுத்த ரெக்கார்டுலயாவது என் பேரைப் போடு.”

லொரெய்னுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது, கூடவே சிரிப்பும்.

“கம்பெனியை மூடிட்டோமே, மிஸ் ஒடெஸ்ஸா” என்றாள்.

“நல்ல டிரம்ஸ்காரி கிடைச்ச நேரத்துலயா?”