புது வீட்டுத் தாழ்ப்பாள்

போடியில் ஏலக்காய் வியாபாரி கட்டி முடித்த புது வீடு. குரங்கணி மலைப் பக்கம் சாயும் வெயில் வென்டிலேட்டர் வழியே கழிப்பறைத் தரையில் விழுகிறது. அங்கே மண்டியிட்டு, டைல்ஸில் ஒட்டியிருக்கும் கடைசி சிமெண்டுப் பொட்டைப் பிளேடால் சுரண்டுகிறாள் தமிழ்செல்வி. ஆசிட் நெடியில் கண் எரிகிறது. காலையிலிருந்து சிறுநீரை அடக்கி வைத்திருக்கும் அடிவயிறு அதைவிட எரிகிறது. எழுந்து கதவைச் சாத்தப் போகிறாள். "ஏ, நில்லு!" என்று கூடத்திலிருந்து ஓடி வருகிறாள் வீட்டுக்காரி ரோஜா. "நாளைக்குப் பால் காய்ச்சணும். அதுக்கு முன்னாடி ஒரு ஆளும் இதுக்குள்ள போகக் கூடாது. பின்னாடி புதர்ப் பக்கம் போய்ட்டு வெரசா வா." புதரை ஒட்டி நாலு பெயிண்டர்கள் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்செல்வி அவர்களையும் பார்க்கிறாள், ரோஜாவையும் பார்க்கிறாள். "ஆறு மணி நேரமா இதுக்குள்ளதான கெடக்கேன் தாயி. அப்ப நான் ஆளு இல்லையா?" ரோஜா வாயைத் திறப்பதற்குள் தாழ்ப்பாள் டக்கென்று விழுகிறது. கொஞ்ச நேரத்தில், சாமான் ஏறாத அந்த வீடு முழுக்க ஃபிளஷ் தண்ணீர் அருவி மாதிரி இரைகிறது. கதவு திறக்கிறது. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வெளியே வருகிறாள் தமிழ்செல்வி. "தண்ணி நல்லா வருது தாயி. இனி நீ தாராளமா பாலைக் காய்ச்சு."