ஏழு கிலோவுக்கு மேல் கூடாது

"பிளேன்ல கைப்பைக்கு ஏழு கிலோன்னா ஏழு கிலோதான். முந்திரிக்கொத்து வேண்டாம், முறுக்கு வேண்டாம், கருப்பட்டி வேண்டவே வேண்டாம். எல்லாத்தையும் எடுத்து வெளிய வை."

தொங்கு தராசில் மனைவியின் பையை மாட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் சுயம்புலிங்கம். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். எடை விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

சண்முகவடிவுக்கு ஆத்திரமாக வந்தது. புனேயில் மகள் அனுப்ரியாவுக்கு வளைகாப்பு. தாய்வீட்டுப் பலகாரம் இல்லாமல் எந்த முகத்தோடு சம்பந்தி வீட்டுப் படியேறுவது? மூன்று நாளாக அடுப்படியில் வெந்து செய்தது அத்தனையும் பொட்டலம் பொட்டலமாகக் காத்திருந்தது.

"காசு கட்டி ஒரு பெட்டி கூடப் போட்டுரலாம்லாங்க?"

"டிக்கெட்டவிட பெட்டிக்குக் கூலி அதிகமா கேக்கான் வடிவு. ரெண்டு மாசம் காத்துக் கெடந்து, விடியக்காலை அலாரம் வச்சு எந்திரிச்சுப் புடிச்ச ஆஃபர். அதுல போய் தண்டம் அழச் சொல்லுதியா? உன் பட்டுச் சேலை நாலையும் அடுக்கு. எடை சரியா வந்துரும்."

"அப்ப பலகாரம்?"

"கடைக்குக் கொண்டு போறேன். பிள்ளைங்க தின்னட்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை மனுஷன். அன்று மாலையே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார். ஊரே அவரைக் கஞ்சன் என்றபோதெல்லாம், "சிக்கனம்னு சொல்லுங்க" என்று சண்டைக்குப் போனவள் வடிவு. அன்றைக்கு அவளும் ஊர்ப் பக்கம் சேர்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை, அறையிலிருந்து வெளியே வந்தவரைப் பார்த்துத் திடுக்கிட்டாள். ஒரே ராத்திரியில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார் சுயம்புலிங்கம். சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேலும் சட்டை. வேட்டிக்குள் வேட்டி.

"என்ன கோலம்ங்க இது?"

"உடம்புல போட்டிருக்கறத எவனும் நிறுக்க மாட்டான்."

"அப்ப உங்க பையில என்னதான் இருக்கு?"

"கடைச் சாம்பிள். அங்க ஒரு வியாபாரி கேட்டிருக்காரு. நீ தொடாத."

வடிவு வெடுக்கென்று தன் பையைத் தூக்கிக்கொண்டாள். பெற்ற மகளுக்கு ஒரு முந்திரிக்கொத்து கொண்டுபோக இடமில்லை, பாத்திரத்துக்கு மட்டும் இடம் இருக்கிறதாம்!

ஆட்டோ பிடிக்கவும் மனசு வரவில்லை அவருக்கு. சைதாப்பேட்டை வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ. அந்த பஸ்ஸும் பெண்களுக்கு இலவச பஸ்ஸாகத்தான் வரவேண்டும் என்று, வந்த இரண்டை விட்டுவிட்டு நின்றார். சித்திரை வெயிலில் வேர்வை ஆறாக ஓடியது.

"இன்னா நைனா, ஜொரமா? இம்மாஞ் சட்டை போட்டுகினு வர்ற?" என்றார் கண்டக்டர்.

"ஆமாப்பா, குளிர் ஜுரம். ஒரு டிக்கெட் போதும், அம்மாவுக்கு ஃப்ரீதான?"

மெட்ரோவில் ஏறி உட்கார்ந்ததும் அனுப்ரியாவிடமிருந்து போன்.

"அம்மா, முந்திரிக்கொத்து செஞ்சியா? நெனச்சாலே நாக்குல எச்சி ஊறுது. அத்தைகிட்டகூடச் சொல்லி வச்சிருக்கேன்."

"இல்லடி தங்கம், கைவலி. செய்ய முடியல. அடுத்த தடவை பாப்போம்."

பொய் சொன்ன வாயை முந்தானையால் துடைத்தவள், அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவரோ கிண்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வேறு. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

விமான நிலையத்தில் பையை எடை போட்ட பெண், "கரெக்ட்டா ஏழு சார்!" என்று சிரித்தாள். பரீட்சையில் பாஸானவர் மாதிரி நிமிர்ந்து நடந்தார் சுயம்புலிங்கம்.

பாதுகாப்புச் சோதனையில்தான் சிக்கல். மெஷினுக்குள் போன அவருடைய பையைத் தனியே ஒதுக்கி வைத்தார்கள்.

"உள்ளே ரவுண்டு ரவுண்டா கறுப்பா என்ன? திறங்க" என்றார் அதிகாரி, இந்தி கலந்த தமிழில்.

'வேணும், நல்லா வேணும்' என்று நினைத்துக்கொண்டாள் வடிவு.

ஜிப் திறந்தது.

மேலே முந்திரிக்கொத்து. அதற்குக் கீழே கைமுறுக்கு. பக்கத்தில் சுண்டவற்றல். அடியில் வட்டு வட்டாகக் கருப்பட்டி. அதிகாரி எவ்வளவு துழாவியும் ஒரு கைலி, ஒரு துண்டுகூட அந்தப் பையில் கிடைக்கவில்லை.

"மக... மாசமா இருக்கா சார்" என்று தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார் சுயம்புலிங்கம். அத்தனை சட்டைக்கு அது எடுப்பாகவே இருந்தது. அதிகாரி வாய்விட்டுச் சிரித்து, ஜிப்பை அவரே இழுத்து மூடிக் கொடுத்தார்.

இரண்டு பேரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வடிவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"கடைப் பிள்ளைங்களுக்குன்னீங்களே?"

"ஆளுக்கொரு முறுக்கு குடுத்தேன்லா?"

"பாவி மனுஷா! இத நேத்தே எங்கிட்டச் சொன்னா என்னவாம்? பெத்த புள்ளைகிட்டப் பொய் சொல்லி, மெட்ரோவுல அழுதுட்டு வந்தேனே!"

சுயம்புலிங்கம் மேல்சட்டையின் பொத்தான்களைக் கழற்றிக் கொஞ்சம் காற்று வாங்கினார்.

"சொல்லியிருந்தா நீ உன் சேலைங்கள வெளிய எடுத்துப் போட்டுட்டு, பலகாரத்த உன் பையில அடுக்கியிருப்ப. நான் இந்தச் சட்டைங்களயே துவைச்சுத் துவைச்சுப் போட்டுக்குவேன் வடிவு. சம்பந்தி வீட்டுல நீ தினம் ஒரு பட்டுச் சேலை மாத்திக் கட்டி, நிமிந்து நிக்கணும்."