நடிக்க வந்த அம்மா

வளரிளம் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் பயிற்சியில் குழந்தைகள் மருத்துவர் அங்கயற்கண்ணிக்கு அன்று தேர்வு. நோயாளிப் பெண்ணாகவும் அவள் தாயாகவும் நடிக்க இரண்டு பேரைச் சம்பளம் பேசி அழைத்து வந்திருந்தார்கள். பாடத்தில் சொன்னபடி முதலில் தாயை வெளியே அனுப்பினாள். "இப்ப சொல்லும்மா, என்ன பண்ணுது?" பெண் வாயே திறக்கவில்லை. முழுக்கைச் சட்டையை விரல் நுனிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கதவின் அடியில் தெரிந்த நிழலையே பார்த்தாள். மதிப்பெண்ணில் கைவைக்க எந்தப் புண்ணியவான் இப்படிச் சொல்லிக்கொடுத்து அனுப்பினானோ என்று அங்கயற்கண்ணிக்குச் சந்தேகம் தட்டியது. மணி அடித்தது. "நடிச்சது போதும், எந்திரிம்மா." பெண் எழவில்லை.

"வெளிய நிக்கிறவங்க நிஜமாவே எங்கம்மா, டாக்டர்," என்றாள் கிசுகிசுப்பாக. "உள்ள கூப்பிட்டுராதீங்க."