மூளைக்காரர் வியாதி

“உனக்கெல்லாம் எப்படிம்மா இந்த வியாதி வரும்?” என்று ரப்பர் தோட்டத்து மருந்துக்கொட்டகையில் டிரசர் கனகராஜ் கேட்டபோது, வெள்ளையம்மாவின் இடக்கண்ணில் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது.

“அன்னாசி இலை ஓரம் மாதிரி பல்லுப் பல்லா மின்னுதுங்கய்யா. இது அடங்கினதும் மண்டை பிளந்துரும். சிங்கப்பூர்லேருந்து வந்த ஒத்தைத் தலைவலி மாத்திரையை இப்பவே குடுங்க.”

“மூளையைக் கசக்கி வேலை செய்யிறவங்களுக்குத்தான் இது வரும்னு புத்தகத்துலயே போட்டிருக்கு. பால்மரம் வெட்டுறதுக்கு மூளை எதுக்கு?” என்று பேதியுப்பைக் கொடுத்து அனுப்பினார்.

விஷயம் தோட்டமெங்கும் பரவியது. அதுவரை தும்மல்கூடப் போடாத, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஐயாசாமிக்கு மறுநாளே கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. ஆட்களை வேலை வாங்கும் மண்டோருக்கு இரண்டு கண்ணிலும் வந்தது. தமக்கு மூளை உண்டென்று டிரசரே மாத்திரை கொடுத்து ஒப்புக்கொள்ளும்போது யார்தான் விடுவார்கள்?

அடுத்த முறை வெளிச்சம் ஓடியபோது, வெள்ளையம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கொட்டகைக்கு வந்தாள். கடைசி மாத்திரை கிராணியின் கையில் இருந்தது.

“பார்த்தியா? மூளைன்னா சும்மாவா?” என்று அவர் நெற்றியைத் தேய்த்தார்.

“உங்க நிலைமையைத் துரைகிட்ட சொன்னேன், கிராணியாரே. ரொம்ப வருத்தப்பட்டார்,” என்றார் டிரசர். “மூளை வேலையாலதானே வருது, அதை நிறுத்திடுங்கன்னுட்டார். நாளையிலேருந்து உங்களுக்கு ஆபீஸ் கிடையாது. பால்மரம் வெட்டப் போங்க. அங்க இந்த வியாதியே வராது.”

கிராணி மாத்திரையை வெள்ளையம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு வெளியே போனார்.